அரைக் கோப்பை

அந்தக் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத் தேநீரை அரைக் கோப்பைதான் ஊற்றிக் கொடுப்பார்கள். கஞ்சத்தனம் இல்லை. குடியை இப்போதுதான் விட்டவர்களுக்கும் இன்னும் விடாதவர்களுக்கும் கை நடுங்கும். கோப்பை நிறைய இருந்தால் தளும்பிச் சட்டையில் கொட்டும். கொட்டினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டால் அந்த ஆள் மறுபடியும் படியேற மாட்டார். அதனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அப்படி ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது.

அவளுக்கும் முதல் நாள் அரைக் கோப்பைதான் கிடைத்தது. ஆனால் அவள் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவள் இல்லை.

அவள் கை நடுங்கியதற்குக் காரணம் மெஷின். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் தரை தேய்க்கும் மெஷினை ஓட்டுவது அவள் வேலை. காலையில் அதன் கைப்பிடியைப் பிடித்தால் மாலையில்தான் விடுவாள். விட்ட பிறகும் ரொம்ப நேரத்துக்குக் கைக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதும், தலை வாரும்போதும் அந்த அதிர்வு விரல் நுனியில் நிற்கும். கூடவே வேலை செய்கிற பெண்களுக்கெல்லாம் அப்படித்தான். அவர்களுக்குள் அதற்கு 'மெஷின் கை' என்று பெயர்.

அவள் புருஷனுக்குக் கண்ணாடி பொருத்துகிற தொழில். ஆள் உயரக் கண்ணாடியை ஒரே கோடாகக் கிழித்து, விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பிரித்தெடுக்கிற கை அது. அந்தக் கையும் இப்போது காலையில் நடுங்கியது. ஒரு வாய் உள்ளே போனால்தான் நின்றது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தபோது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ இப்படித் தூக்கிட்டு வந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அந்த வார்டு வாசலில்தான் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் இடம், பெயர் சொல்ல வேண்டாம் என்று போட்டு, அடியில் ஒரு தொலைபேசி எண். அவள் அந்த எண்ணுக்கு வேலையிடத்துப் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டு பேசினாள். யாரோ எடுத்து ஓர் இடம் சொன்னார்கள். போனால் அங்கே கதவில் பூட்டு. பக்கத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "அந்தக் கூட்டமா? அது எப்பவோ இடம் மாறிடுச்சே. பின்தெருவுல தையல் வகுப்பு இருக்கு பாருங்க, அதுக்கு மாடியில" என்றார். பின்தெருவுக்குப் போனால் தையல் வகுப்பே இரண்டு இருந்தது. முதலாவதில் மாடியே இல்லை. இரண்டாவதில் மாடி இருந்தது, ஆனால் கூட்டம் அன்றைக்கு இல்லை. கதவில் கூட்டம் நடக்கும் கிழமையை எழுதி ஒட்டியிருந்தார்கள். இத்தனை அலைந்து வீட்டுக்கு வந்து சொன்னபோது புருஷன் படுத்தபடியே சிரித்தான்.

"வாடகைக்கு வீடு பாக்குற மாதிரி நீ மொதல்ல போய்ப் பாத்துட்டு வா. ஆளுங்க எப்படி, காத்தோட்டம் எப்படின்னு பாரு. தண்ணி வசதியையும் கேட்டுக்க."

"வெளயாடாதீங்க. நல்லா இருந்தா வருவீங்களா?"

"வருவேன்."

"சத்தியமா?"

"நீ பாத்துட்டு வந்து சொல்லு. அப்புறம் சத்தியம் பண்றேன்."

அப்படித்தான் அவள் அங்கே முதலில் போனாள்.

மாடிப்படி முடிகிற இடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு அறைகள். ஒன்றில் தையல் மெஷின்கள் துணி போர்த்திச் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. எதிர் அறை குழந்தைகளின் ஓவிய வகுப்பு. அங்கே குட்டி குட்டி நாற்காலிகள். தையல் அறை குடிக்கிறவர்களுக்கு, ஓவிய அறை குடிக்கிறவர்களின் குடும்பத்துக்கு என்பது அவளுக்கு அன்று தெரியாது. பெரியவர்கள் உட்காரும் நாற்காலி எங்கே கிடந்ததோ அங்கே போய் உட்கார்ந்தாள்.

ஒரு ஆள் பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாரும் அவரைக் 'கெட்டில் அண்ணன்' என்று கூப்பிட்டார்கள். அவர் அவள் கையைப் பார்த்தார். முழங்காலில் வைத்திருந்தும் அடங்காத கை. ஒன்றும் கேட்காமல் அரைக் கோப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நல்ல எடத்துக்குத்தாம்மா வந்திருக்கீங்க. பேசணும்னு கட்டாயம் இல்ல. சும்மா உக்காருங்க" என்றார்.

நான் அந்த ஆள் இல்லை, என் புருஷனுக்காக வந்தேன் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் ஒருவர் பேச ஆரம்பித்துவிட்டார். பேருந்து ஓட்டுகிறவர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மருந்து வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனவர், வழியில் ஒரே ஒரு தடவை என்று ஒரு கடையில் நுழைந்தார். மருந்தோடு திரும்பி வந்தபோது அம்மாவின் கட்டிலில் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "இத நான் இங்க மட்டுந்தான் சொல்லியிருக்கேன். எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது" என்று முடித்தார். யாரும் 'ஐயோ' என்று சொல்லவில்லை. தலையசைத்தார்கள். அவ்வளவுதான்.

அவள் தேநீரைக் குடித்து முடித்தாள். எத்தனையோ வருடமாகத் தன் வீட்டில் பூட்டிக் கிடந்த ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. புருஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. சண்டையில் வந்ததுண்டு, அழுகையில் வந்ததுண்டு. இப்படி நிதானமாக வந்ததில்லை.

கூட்டம் முடியும்போது கெட்டில் அண்ணன் எல்லாருக்கும் பொதுவாக இரண்டே விஷயம் சொன்னார். இங்கே கேட்டது இந்தப் படிக்கட்டைத் தாண்டக் கூடாது. இங்கே அவரவர் கதையை மட்டும்தான் சொல்ல வேண்டும், அடுத்தவர் கதை வேண்டாம்.

முதல் விஷயத்தை அவள் அன்று இரவே மீறினாள்.

புருஷன் குடிக்காமல் காத்திருந்தான். அதுவே அவளுக்கு அதிசயம். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "என்ன சொன்னாங்க?" என்றான். அவள் சொன்னாள். பேருந்துக்காரரின் அம்மாவைச் சொன்னபோது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அந்தப் பக்கம் பார்த்தபடியே, "திட்டினாங்களா அவர?" என்று கேட்டான்.

"இல்ல. ஒருத்தரும் திட்டல."

"சும்மா கேட்டுக்கிட்டா இருந்தாங்க?"

"ஆமா. தலைய ஆட்டினாங்க."

"அடுத்த வாரமும் போயிட்டு வா. பாக்கலாம்."

அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். எதிர் அறைதான் தன்னுடையது என்று தெரிந்த பிறகும், புருஷன் கேட்கக் காத்திருப்பான் என்று தையல் அறையிலேயே உட்கார்ந்தாள். போகிற நாளில் அவள் திரும்பி வரும்வரை அவன் பாட்டிலைத் தொடாமல் இருந்தான். வந்ததும் ஒவ்வொருவராக விசாரிப்பான். "பஸ்காரர் வந்தாரா? கெட்டிலுக்கு முட்டிவலி தேவலையா?" தெரிந்த சொந்தக்காரர்களைக் கேட்பதுபோலக் கேட்பான். அவளுக்கு நம்பிக்கை வளர்ந்தது. இன்று இல்லாவிட்டால் நாளை வந்துவிடுவான் என்று நினைத்தாள். மற்ற நாட்களில் அவன் குடித்த அளவு குறையவில்லை என்பதும் அவள் கண்ணில் படாமல் இல்லை. அதை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

ஒரு நாள் கிளம்பும்போது அவன் கூப்பிட்டான்.

"இந்தா, நீ அங்க எனக்காக ஒண்ணு சொல்றியா?"

"என்ன?"

"என் கூட்டாளிக்குக் கையில வெட்டுப்பட்டுதே."

அந்தக் கதை தனக்குத் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். உயரமான கட்டடத்தில் கண்ணாடி ஏற்றும்போது காற்று தூக்கிவிட்டது, கூட்டாளியின் மணிக்கட்டில் இறங்கிவிட்டது, அதிலிருந்து அவரால் இரண்டு விரலை மடக்க முடியாது. எல்லாரும் சொன்னது அது. கூட்டாளியே சொன்னதும் அதுதான்.

"காத்து அடிக்கல" என்றான் புருஷன். "எலகூட அசையல அன்னிக்கு. நான் காலையிலேயே போட்டுட்டுப் போயிருந்தேன். என் கை வழுக்கிடுச்சு. அவன் கையில ரத்தம் கொட்டுறப்பவும் மேஸ்திரிகிட்ட 'காத்துங்க, காத்துங்க'ன்னான். அதுக்கப்புறம் நான் அவன் மூஞ்சியப் பாக்கவே இல்ல."

அவள் செருப்பு மாட்டிய காலோடு நின்றாள்.

"இத நீங்களே வந்து சொல்லுங்களேன்."

"நீ சொல்லிட்டு வா மொதல்ல. என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

தையல் அறையில் அவள் முதல் தடவையாகக் கை தூக்கினாள். "என் வீட்டுக்காரர் ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தபோது கெட்டில் அண்ணன் மெதுவாகக் குறுக்கிட்டார். "வீட்டுக்காரர் கதைய அவரு சொல்லட்டும்மா. நீங்க உங்களோடத மட்டும் சொல்லுங்க." எல்லா முகங்களும் அன்போடு திரும்பியிருந்தன. சொல்லாமல் திரும்பிப் போனால் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? அவள் கண்ணை மூடிக்கொண்டு, 'நான்' என்று ஆரம்பித்தாள்.

"நான் காலையிலேயே குடிச்சிட்டுத்தான் வேலைக்குப் போனேன். காத்து அடிக்கல. என் கை வழுக்கிடுச்சு."

முழுவதையும் சொல்லி முடித்தாள். யாரும் திட்டவில்லை. பேருந்துக்காரர் தன் கைக்குட்டையை நீட்டினார். கெட்டில் அண்ணன், "சொன்னதுக்கு நன்றிம்மா. மறுபடியும் வாங்க" என்றார். வீட்டுக்குப் போய் இதை அப்படியே சொன்னபோது புருஷன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அன்றைக்கு அவன் குடிக்கவே இல்லை. அவள் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவன் வாரம் தவறாமல் ஏதாவது ஒன்றைக் கொடுத்தனுப்பினான். அவள் அதை 'நான்' போட்டுச் சொன்னாள். அதனால் விளைந்த வேடிக்கையும் உண்டு. பேருந்துக்காரர் ஒரு தடவை படியிறங்கும்போது அவளிடம் வந்து, "அக்கா, எங்க வீட்டு ஜன்னல்ல ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருக்கு. நீங்க வந்து அளவெடுக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டார். கெட்டில் அண்ணன் பின்னாலிருந்து, "யோவ், இங்க தொழிலக் கேக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது? ஒன் ஜன்னல் வழியா காத்து வந்தா நீ கொஞ்சம் தெளிவாவே இருப்ப, போ" என்று அதட்டினார். அவளும் சிரித்தாள். அங்கே சிரிக்கவும் முடிந்தது என்பதைப் புருஷனிடம் சொன்னாள். அதையும் அவன் ஆசையாகக் கேட்டுக்கொண்டான்.

கீழ்வீட்டில் நாத்தனார் குடியிருந்தாள். ஒரு நாள் மாலை அவள் மேலே ஏறி வந்து, இடுப்பில் கை வைத்து வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"என்னது?"

"நடிக்காதீங்க. தையல் கிளாஸுக்குப் போற பொண்ணு ஒருத்தி பாத்துட்டு வந்து சொல்றா. 'உங்கண்ணி குடிகாரங்க கூட்டத்துல உக்காந்து டீ குடிக்கிறாங்க'ன்னு. குடும்பத்துல ஒருத்தர் குடிச்சா பத்தாதா? ஜோடியா கெளம்பிட்டீங்களா? இனிமே ஊறுகாயக்கூட நான் வீட்டுல பூட்டி வைக்கணும் போல."

கட்டிலில் இருந்தவன் முதலில் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றபோது அவன் முகம் மாறியிருந்தது.

"அவ குடிக்கலடி. எனக்காகப் போறா."

"உனக்காகவா? அப்ப ஒனக்குக் கால் இல்லையா?"

சொல்லிவிட்டு நாத்தனார் இறங்கிப் போய்விட்டாள். அவன் கொஞ்ச நேரம் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "என் கெட்ட பேர நீ வாங்கி வச்சிருக்க. அது வேணாம். இந்த வாரம் நான் வர்றேன்" என்றான். அவள் சத்தியம் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்தாள்.

கூட்ட நாளன்று அவன் முகம் மழித்தான். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தான். அவள் தேய்த்து வைத்த சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டான். காலையிலிருந்து ஒன்றும் குடிக்காததால் கை மோசமாக நடுங்கியது. பொத்தான்களை அவள்தான் போட்டுவிட்டாள். அவள் விரலும் நடுங்கியதால் அதற்கு வெகுநேரம் பிடித்தது. "நம்ம ரெண்டு பேரையும் நம்பி யாராவது ஊசியில நூல் கோக்கச் சொன்னா அவ்வளவுதான்" என்றான். வழியெல்லாம் அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

மாடிப்படி முடிகிற இடத்தில் கெட்டில் அண்ணன் நின்றிருந்தார். இரண்டு அறைக்கும் தேநீர் ஊற்றுவது அவர்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வா. இவரு உங்க வீட்டுக்காரரா? ரொம்ப சந்தோஷம் ஐயா. பொண்டாட்டிக்காக இப்படிப் படியேறி வர்ற புருஷன் எத்தன பேரு இருக்காங்க? தைரியமான பொம்பள அவங்க. எல்லாத்தையும் மறைக்காம சொல்றாங்க. நீங்க இந்தப் பக்கம் வாங்க. குடும்பத்துக்காரங்க கூட்டம் எதிர் ரூம்ல."

அவள் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் இத்தனை வாரம் அந்த அறையில் சொன்ன 'நான்' எல்லாம் பொய் என்றாகிவிடும். கைக்குட்டை நீட்டியவர் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் புருஷனைப் பார்த்தாள். அவனே சொல்லட்டும் என்று பார்த்தாள். அவன் கண்ணில், கடைசி நொடியில் பக்கவாட்டில் ஒரு வழி திறந்ததுபோல ஒரு நிம்மதி வந்ததை அவள் கண்டாள்.

"சரிங்க" என்றான் அவன். கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு ஓவிய அறைக்குள் போனான்.

அவள் தையல் அறையில் உட்கார்ந்தாள். முடிந்ததும் சொல்லிவிடலாம், முதலில் கெட்டில் அண்ணனிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டே இருந்தாள். அன்று பேருந்துக்காரரின் முறை. நல்ல மனநிலையில் இருந்தார். பாட்டிலைத் துணி துவைக்கும் மெஷினுக்குள் ஒளித்து வைத்த கதையைச் சொன்னார். மாமியார் பார்க்காமல் போர்வையைப் போட்டு ஓடவிட்டுவிட்டாராம். "மூடி கழண்டு எல்லாம் போர்வையில எறங்கிடுச்சு. என்ன வாசனைன்னே தெரியாம அதப் போத்திக்கிட்டுத் தூங்குனாங்க. எங்க வீட்டுல ஒரு வாரம் நிம்மதியா தூங்குனது எங்க மாமியார் மட்டுந்தான்." அறையே அதிரச் சிரித்தது. அவளும் தன்னை மறந்து சிரித்தாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது எதிர் அறையிலிருந்து, எல்லாரும் 'மருந்துக்கடை அம்மா' என்று கூப்பிடுகிற ஒருத்தி வந்தாள். மகன் குடிப்பதால் வருகிறவள். "உங்க வீட்டுக்காரர் உங்க பக்கம் வந்துட்டாரில்ல?" என்று கேட்டாள்.

"எங்க பக்கமா? இல்லையே."

மருந்துக்கடை அம்மா நடந்ததைச் சொன்னாள். அவன் குழந்தை நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தான். குடும்பத்து அறையில் முழுக் கோப்பைதான் ஊற்றுவார்கள். அவன் இரண்டு கையாலும் பிடித்தும் தேநீர் தளும்பித் தேய்த்த கால்சட்டையில் கொட்டியது. அந்த அறையில் இருந்த எல்லாருமே அந்த நடுக்கத்தைத் தங்கள் சமையலறையில் பல வருடம் பார்த்தவர்கள். ஒருத்தருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அப்போது ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். தினமும் மாலையில் சாவி பூட்டின் துளையைத் தேடும் சத்தத்தைக் கேட்டே, இன்றைக்கு எவ்வளவு என்று படுத்திருக்கிற இடத்திலேயே கணக்குப் போட்டுவிடுவேன் என்றாள்.

"அவரு கோப்பைய கீழ வச்சிட்டு, 'நீங்க எல்லாருமே அதக் கேட்டுக்கிட்டா இருப்பீங்க?'ன்னு கேட்டாரும்மா. ஆமாங்கன்னோம். எழுந்திருச்சாரு. 'மன்னிச்சுக்குங்க, நான் எதிர் ரூம்'னு அவரே சொன்னாரு. கதவுகிட்டப் போய் நின்னதையும் பாத்தேன். உள்ள நீங்கெல்லாம் பெருசா சிரிச்சீங்க. அப்புறம் பாத்தா ஆளக் காணோம். உள்ளதான் வந்துட்டாருன்னு நெனச்சேன்."

அவள் கெட்டில் அண்ணனிடம் போய், "நான் குடிச்சதே இல்லண்ணே" என்றாள். அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் புரிந்தது. கெட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வாசல் வரைக்கும் வந்த ஆள நான் தொரத்தி விட்டுட்டேனா?"

"நீங்க இல்லண்ணே. நான்."

குடிக்கிற ஆளைப் பார்க்கப் போனால் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகப் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கெட்டில் அண்ணன் பேருந்துக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டார். வீட்டில் விளக்குப் போடாமல் அவன் மேசையருகே உட்கார்ந்திருந்தான். பாட்டில் பாதியாகியிருந்தது. கால்சட்டையில் தேநீர்க் கறை காய்ந்திருந்தது. வந்தவர்களைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றான்.

"உக்காருங்க. உங்கள எல்லாம் எனக்குத் தெரியும். நீங்கதான கெட்டில் அண்ணன்? முட்டி எப்படி இருக்கு?" பிறகு பேருந்துக்காரர் பக்கம் திரும்பினான். அவன் குரலில் உண்மையான பாசம் இருந்தது. அதுதான் கொடுமை. "நீங்க பஸ்ஸு. அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனவரு. வெசனப்படாதீங்க தம்பி. நானா இருந்தாலும் அந்தக் கடையில நொழஞ்சிருப்பேன்."

பேருந்துக்காரர் அவனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். கைக்குட்டை நீட்டிய அதே முகம். எழுந்து போய்விட்டார். அவர் இறங்கிப் போகும் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

கெட்டில் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். "ஐயா, வந்தீங்களே, அதுவே பெருசு. அடுத்த வாரம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"எதுக்குண்ணே அலையணும்? இவதான் வர்றாளே. இவ சொன்னா நான் வந்த மாதிரிதான். எனக்கு அதுவே போதும்."

எத்தனையோ வாரமாக அவள் கண்ணில் பட்டும் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தது இப்போது மேசை நடுவே வந்து உட்கார்ந்தது. அவனை அந்தக் கதவுக்குள் கொண்டுபோகத்தான் அவள் போனாள். ஆனால் அவன் போக வேண்டிய அவசியத்தையே அவள் தன் காலால் நடந்து நடந்து தீர்த்துவிட்டிருந்தாள்.

கெட்டில் அண்ணன் போன பிறகு அவள் விளக்கைப் போட்டாள். பாட்டிலை எடுத்துக் கொட்டவில்லை. அதெல்லாம் முன்பே செய்து பார்த்தாயிற்று.

அடுத்த வாரம் கூட்ட நாளில் அவள் முகம் கழுவி வந்தபோது அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கறை போகத் துவைத்துத் தேய்த்த கால்சட்டை ஆணியில் தொங்கியது.

"இன்னிக்கு என்ன சொல்லச் சொல்லலாம்னு யோசிச்சேன்" என்றான். "எதிர் ரூம்ல அந்தப் பொண்ணு சாவி சத்தத்தப் பத்திச் சொன்னுது இல்ல, அதக் கேட்டு நான் எப்படி..."

"நான் அந்த ரூமுக்குப் போகல."

"ஏன்? அந்த பஸ்காரருக்காகவா? நான் வேணா மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு."

"அவருகிட்ட நான் கேட்டுக்கிறேன். நீங்க கேக்கணும்னா நீங்க வந்து கேளுங்க. நான் இன்னிக்கு என் ரூமுக்குப் போறேன்."

"அங்க என்ன சொல்வ?"

"உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். அங்க கேக்குறதையும் சொல்ல மாட்டேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அடிபட்ட பார்வை. கெஞ்சலும் இருந்தது. "அப்ப என் கூட்டம்?" என்றான், குழந்தை மாதிரி.

"அது திறந்துதாங்க இருக்கு. கெட்டில் அண்ணன் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. அவரு கொஞ்ச நேரத்துல வருவாரு."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் கெட்டில் அண்ணன், இந்தத் தடவை துணைக்கு ஆள் இல்லாமல், ஏறி வந்தார். அவரிடம் பேசினால் நின்றுவிடுவோம் என்று தோன்றியதால் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடந்தாள்.

தையல் வகுப்பு மாடிப்படியில் பேருந்துக்காரர் நின்றிருந்தார். அவள் நின்று, "தம்பி, தப்பு என்மேலதான்" என்றாள். அவள் ஏறுவதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அவர் இன்னும் வருகிறார் என்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

ஓவிய அறையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். மருந்துக்கடை அம்மா கோப்பை நிறைய ஊற்றிக் கொடுத்தாள். அவள் வாங்கும்போதே தளும்பிப் புறங்கையில் கொட்டியது. எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள்.

"ஐயோ, பயப்படாதீங்க" என்றாள் அவள். "இது மெஷின் கை. நான் தரை தேய்க்கிற மெஷின் ஓட்டுறேன்."

ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வந்த அழுகை நிற்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

இரண்டு அறைக் கதவும் திறந்திருந்தன. கொஞ்ச நேரத்தில் கெட்டில் அண்ணன் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். தனியாகத்தான் வந்தார். அவள் பக்கம் பார்த்துத் தலையை மெல்ல இடவலமாக அசைத்தார். பிறகு தையல் அறைக்குள் போய், கதவோரம் காலியாக இருந்த நாற்காலியின் மேல் ஒரு கோப்பையை வைத்து, கெட்டிலைச் சாய்த்து, பாதிவரை ஊற்றினார். ஆவி கொஞ்சம் எழுந்து நின்றது.

கூட்டம் முடியும்வரை அவள் அங்கிருந்து அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் எழுந்த பிறகு கெட்டில் அண்ணன் வந்து அந்தக் கோப்பையை எடுத்தார். கொட்டுவார் என்று நினைத்தாள். அவர் ஆறிப்போன அந்த அரைக் கோப்பையை நின்றபடியே தானே குடித்துவிட்டு, மற்றக் கோப்பைகளோடு சேர்த்துக் கழுவ எடுத்துக்கொண்டு போனார்.